தாளில் இல்லாத நாலு

தை பிறந்தால் ரப்பர் தளிர்க்கும்.
காம்பு மூன்றாய்ப் பிரியும் இடத்தில்
ஒரு துளி இனிப்பு கசியும்.
பூவிலிருந்துதான் தேன் என்று
ஊரெல்லாம் பாடம் படித்திருக்க,
குலசேகரத்துத் தேனீக்கள்
இலையை நக்கிக்கொண்டிருக்கும்.

அந்த வருடம் புழுக்கள் செத்தன.
அறைக்கு ஒன்றாய் மல்லாந்து கிடந்தன,
மூக்கு நிமிர்ந்த சின்ன வள்ளங்கள்.
ஊசியால் தூக்கினால்
தோல் நிறையத் தண்ணீர்.

கந்தகம் என்றேன் நான்:
வெள்ளென எழும்பி எஸ்டேட்காரன்
தளிர்மேல் ஊதுகிற மஞ்சள் தூள்.
"ஒனக்க கை" என்றாள் ஹில்டா.
ஒரு பெட்டிச் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு
நீதானே மாற்றி மாற்றி வைத்தாய்.

நாற்பது பெட்டி; ஆளுக்குப் பாதி.
கடன் மட்டும்
இருவருக்கும் முழுசு.

வீட்டில் சொன்னேன்.
டிவியிலிருந்து கண்ணெடுக்காமல்
"செரி" என்றார் ஜெபசிங்.
கந்தகம் என்றாலும் செரி,
கை என்றாலும் செரி.
பதினோரு வருடமாய் இந்த வீட்டில்
எனக்கு எதிர்ப்பே கிடையாது.
பஞ்சு மெத்தையை
ஓங்கி ஓங்கி அறைவதுபோல் இருக்கும்.

ஹில்டா மறுநாள்
நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து
பெட்டி மூடிமேல் வைத்தாள்.
"எதைப் பாத்தா
நான் தோத்தேன்னு சொல்லுவ?
இப்பவே எழுது.
பொறவு எழுதினா வக்கீலாயிருவ."

பேனாவோடு நெடுநேரம் நின்றேன்.
நான் சரி என்பதற்கு
பத்துக் காரணம் நாக்கில் இருந்தது.
நான் தப்பென்றால்
உலகம் எப்படிக் கிடக்கும் என்று
ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எழுதினேன்:
பத்துப் பெட்டி, கந்தகம் ஊதாத ஊருக்கு.
அங்கேயும் செத்தால் நான் தப்பு.
அவள் எழுதினாள்:
அங்கே பிழைத்தால் நான் தப்பு.
தேதி போட்டோம்.

வாசல்களைத் துணியால் பொத்தி
ராத்திரி குட்டியானையில் ஏற்றி
அருமனைக்கு, அவள் சித்தப்பாவின் வாழைத்தோட்டத்துக்கு.
திற்பரப்பு வளைவில்
"மெதுவாப் போங்க" என்று
ஒரே மூச்சில் இருவரும் சொன்னோம்.
அந்த மாதம் நாங்கள் ஒத்துப்போனது
அது ஒன்றில்தான்.

இருபத்திரண்டாம் நாள் திறந்தோம்.
ஆறு பெட்டியில் வெள்ளைப் புழுக்கள்,
கொழுத்து, சுருண்டு, முத்துப்போல்.
நாலில் வள்ளங்கள்.

எங்கள் தாளில்
நாலுக்கு இடமில்லை.

நாலு பெரிதா ஆறு பெரிதா என்று
வாழைகளுக்கு நடுவே கத்தினோம்.
சாயா கொண்டுவந்த சித்தப்பா
வரப்பிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

"ஒனக்க நோட்ட எடு."

என் கணக்கு. என் கையெழுத்து.
தை இரண்டு, சட்டம் மாற்றியவை என்று
நானே கோடு போட்டிருந்த பக்கம்.
மூடிகளின் பெயின்ட் எண்ணோடு
விரலை ஓட்டி வாசித்தாள்.
மூன்று.
எட்டு.
பதினாலு.
கடைசி எண்ணை நானே சொன்னேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன்.
ஆறிப்போன சாயாவைக் குடித்துவிட்டு
தன் நோட்டை விரித்தாள்.
கந்தகம் ஊதிய நாட்களில்
வாசல் வந்துபோகும் எண்ணிக்கை பாதி.
"இது எனக்க பேச்சுக்கு எதிராக்கும்.
அடுத்த வருசம் இத விடக்கூடாது."

திரும்பும் வழியில் சொன்னாள்:
கூட்டுக்குள் ஒருத்தி ஆடிக் காட்டும் திசையில்
ஆபத்தைக் கண்டு வந்தவள்
தலையால் முட்டி ஆட்டத்தை நிறுத்துவாளாம்.
"நான் பாத்ததில்ல" என்றேன்.
"கண்ணாடி மூடி போட்டுப் பாரு."
"கண்ணாடி போட்டா வெளிச்சத்துல ஆடாது."
குலசேகரம் வரை அது ஓடியது.

ராத்திரி சொன்னேன்,
நோய் பரவினது எனக்க கையாலதான் என்று.
"செரி" என்றார்.
டிவியை அணைத்தேன்.
ஒரேயொரு தடவை
இல்லைன்னு சொல்லுங்க.

"எதுக்கு?" என்றார்.

விளக்கைப் போட்டு
அவருக்கு எதிரே
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.