தாழ்ப்பாளுக்கு ஒரு தாளம்

ரெமிஜியுஸ் பகலில் நண்டு எடை போடுகிறவன்.
மண்டபத்துக் கம்பெனியில்
முள் நிற்பதற்குள் தராசிலிருந்து கை எடுப்பான்.
வித்தையை அங்கேதான் படித்தான் என்று ஊரில் பேச்சு.
இரவில் அவனுக்குக் கறுப்புக் கோட்டு.
எனக்கு இரண்டு ஸ்பீக்கர், ஒரு பென்டிரைவ்,
திரைக்குப் பின்னால் கால் ஆடும் நாற்காலி.

வித்தைக்குப் பாட்டு எதற்கு என்கிறார்கள்.
கண்ணைக் கட்ட அவன்,
காதைக் கட்ட நான்.
கைக்குட்டை புறாவாவதற்குச் சற்று முன்
கோட்டுக்குள் புறா முனகும்.
அதன்மேல் ஒரு புல்லாங்குழல் போர்த்துவேன்.
சீட்டு விரலிடுக்கில் சறுக்கும்போது
கஞ்சிரா, மெதுவாக,
நாலாவது அடியை வேண்டுமென்றே விழுங்கி.
விழுங்கிய அடியைத் தேடிப் போகும் கண்
இடது கையைப் பார்ப்பதில்லை.

வாள் செருகும் பெட்டிக்குத் தவில் வைத்துப் பார்த்தேன்.
பந்தி எப்போது என்ற முகத்தோடு
உட்கார்ந்திருந்தது சனம்.
மறுநாளே எடுத்துவிட்டேன்.

பெரிய வித்தை கடைசியில்.
ஜெசிந்தா பெட்டிக்குள் போவாள். கதவு மூடும்.
திறந்தால் வெறும் பலகை.
பிறகு நாற்பது விநாடி வயலின்,
ஒற்றைத் தந்தியில் இழுத்து இழுத்து,
கடைசி விநாடியில் சிம்பல்.
அந்த அடிக்குக் கீழேதான்
உள்தாழ்ப்பாள் விலகும்: டக்.
உப்புக்காற்று தின்ற தாழ்ப்பாள்.
சாயங்காலந்தோறும் ரெமிஜியுஸ்
தையல் மெஷின் எண்ணெய் மூன்று சொட்டு விடுவான்.
ஆனாலும் பேசும்.
அதன் வாயைப் பொத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தொண்டியில் அந்த வயலினுக்கு விசில் பறந்தது.
கீழக்கரையில் இன்னும் பத்து விநாடி இழு என்றார்கள்.
தேவிபட்டினத்தில் ஒருவர்
மூக்கைச் சிந்திக்கொண்டே கைதட்டினார்.

பாம்பன் தெற்குவாடி.
மாதா கோவில் திருவிழா, எட்டாம் நாள்.
கச்சான் அடங்காத இரவு,
ஸ்பீக்கரைப் பனையோடு சேர்த்துக் கட்டியிருந்தோம்.
ஜெசிந்தா போனாள். கதவு திறந்தது. வெறும் பலகை.
வயலினை விட்டேன்.

ஐந்தாவது விநாடியில் ஒரு இருமல்கூட இல்லை.
பத்தாவதில்
மணலில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள்,
ஒருத்தி, பிறகு நாலு பேர், பிறகு எல்லாரும்.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
வள்ளம் பிந்தும் நாட்களில்
கரையில் அப்படித்தான் நிற்பார்கள்,
பக்கத்தில் நிற்பவளோடு பேசாமல்.

பதினேழாவது விநாடியில் முன்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"ஏய் பாட்டுக்காரா, அதை அமத்துடா!
பிள்ளைய வெளிய விடுங்கடா மொதல்ல!"

நான் யோசிப்பதற்குள்
விரல் அமத்திவிட்டது.

அமைதி. அங்கே அமைதி என்றால்
அலை, ஜெனரேட்டர், தூரத்தில் ஒரு நாய்.
பெட்டிக்குள் ஜெசிந்தா
வராத சிம்பலுக்காகக் காத்திருந்தாள்.
எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாள்.
கை வைத்தாள்.

டக்.

ஆறு வருடமாக நாங்கள் மூடி வைத்த டக்.
ஐஸ் வண்டிக்காரன்வரை கேட்டது.
பொய்ப்பலகை, அதன் பின்னால் ஒரு முழ இடம்,
அதில் மூச்சடக்கி ஒரு பெண்,
எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துபோனது.

கைதட்டல் அப்போதே எழுந்தது.
அவள் இன்னும் வெளியே வரவில்லை.
"உள்ளதான்யா இருக்கா" என்று யாரோ சிரித்தார்கள்,
சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.
அமத்தச் சொன்னவள் உட்கார்ந்து
முந்தானையில் மணலைத் தட்டிக்கொண்டாள்.

ரெமிஜியுஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் கம்பெனி வாசலில்
"தொழிலைக் கெடுத்துட்ட" என்றான்.
டீக்குக் காசு அவன்தான் கொடுத்தான்.
பாதிக் கிளாஸில் கேட்டான்:
"அந்தத் தாழ்ப்பாள் என்ன சுதி?"
கீபோர்டில் தேடினேன்.
நாலுக்கும் நாலரைக்கும் இடையில்
கட்டையே இல்லாத இடத்தில் இருந்தது.

இப்போதும் தொண்டிக்கு நாற்பது விநாடி, சிம்பல்.
தெற்குவாடிக்குப் பத்து,
பிறகு எதுவும் இல்லை.
அந்த ஊருக்குப் போகிற வாரம்
எண்ணெய்க் குப்பி என் பையில் இருக்கும்.
அவன் தேடமாட்டான்.