அனுபவம் தேவையில்லை

என்று நோட்டீஸில் போட்டது என் தப்புதான்.
பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் சுவரில்
மூல வைத்தியருக்கும்
வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாமுக்கும் நடுவே
பசை காய்வதற்குள் பதினொரு பேர் கூப்பிட்டார்கள்.
மூன்று பேர் சம்பளம் கேட்டார்கள்.
ஒருவர், நிதானமாக,
கடன் கிடைக்குமா என்றார்.

ஞாயிறு, மதியம் இரண்டு.
அயனாவரத்தில் தண்ணீர் கேன் குடோனுக்கு மேலே
தகரம் போட்ட அறை. வெயில்
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
கீபோர்டு, எபினேசர்.
நடுவில் ஒரு கட்டை எழும்பாது,
அந்த இடம் வந்தால் பள்ளம் கண்ட ஆட்டோபோல
ஒடித்துத் திருப்புவான்.
கிதார், சபியுல்லா.
பாட்டு முடிந்ததும் பாலிசி பற்றிப் பேசுவான்.
பேஸ் நான்.
எனக்குத் தெரிந்தது நாலு ஸ்வரம்.
நாலும் சில நாள் தெரியாது.

ஆனாலும் நாங்கள்தானே தேர்வு செய்பவர்கள்.
ஸ்டூலை வரிசையாகப் போட்டோம்.
மார்க் போட லாங் சைஸ் நோட்டு,
இரண்டு கலரில் பேனா.

முதலில் வந்தார் துரைப்பாண்டி,
இருபது வருஷம் மைக் செட் கட்டியவர்.
ஹலோ, ஒன், டூ, த்ரீ என்றார்.
அப்படியொரு சுருதி,
எபினேசருக்குக் கை சிலிர்த்தது.
பாடுங்க என்றோம்.
மைக்கை உற்றுப் பார்த்தார்.
அதுக்கு மேல நான் சொன்னதில்லியே தம்பி,
அப்புறம் வேற ஆள் வந்துடுவாங்க.

பிறகு ஒரு பையன், லோகித்.
வீடியோ பார்த்து கிதார் கற்றானாம்.
திரையில் இருந்தவரின் கை எந்தப் பக்கமோ
இவன் கையும் அந்தப் பக்கம்.
நீ இடது கைக்காரனா?
இல்ல சார், எழுதறது வலதுதான்.
எட்டு மாசம் கண்ணாடியாக இருந்திருக்கிறான்.
திருத்துவதா, விடுவதா என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
சபியுல்லா பச்சைப் பேனாவை எடுத்தான்,
எதுவும் எழுதாமல் வைத்தான்.

ஐந்தரை மணிக்கு அம்சவேணி.
அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதிச் சட்டைக்கு
பட்டன் ஓட்டை போடுகிறவள்.
டிபன் பையைக் கீழே வைக்கவில்லை.
டிரம்ஸைத் தொட்டதில்ல, மெஷின் மிதிச்சிருக்கேன்,
பரவால்லியா?
உட்கார்ந்தாள்.
சர்ச்சிலிருந்து இரவல் வந்த பெரிய டிரம்மில்
வலது காலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்,
சட்டைத்துணியின் கனம் பார்ப்பதுபோல.

அதற்கப்புறம் அந்தக் கால் நிற்கவில்லை,
ஓடவுமில்லை.
கீழே கேன் லாரி ரிவர்ஸ் எடுத்தது,
பக்கத்து வீட்டில் மிக்ஸி,
எபினேசரின் அம்மா போனில் மூன்று தடவை.
எதற்கும் அது திரும்பிப் பார்க்கவில்லை.
ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை, சட்டைக்கு ஏழு ஓட்டை.
நான் கணக்குப் போட்டுப் பார்த்து
பாதியில் விட்டேன்.

சரி, நீங்க ஒரு தபா வாசிங்க என்றாள். கேக்கறேன்.

வாசித்தோம்.
வேறென்ன செய்வது.
நான் முதலில் முடித்தேன்,
பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு எபினேசர் பிறகு,
சபியுல்லா இன்னும் ஒரு சுற்று தனியாகப் போய்
சங்கடத்தோடு நின்றான்.

அம்சவேணி சிரிக்கவில்லை.
மூணு பேரும் வேற வேற ஸ்டாப்பிங்ல எறங்கறீங்களே என்றாள்.
பையைத் தோளில் மாட்டினாள்.
நாளைக்குக் காலை ஷிப்ட்.
ரெண்டு நாள்ல யோசிச்சுச் சொல்றேன்.

இரும்புப் படியில் அவள் இறங்கும் சத்தம்.
யாரும் சொல்லாமலே எண்ணத் தொடங்கியிருந்தோம்,
உதட்டுக்குள்.
பத்தொன்பது என்று
மூவரும் ஒன்றாக முடித்தோம்.

நோட்டில் சபியுல்லா
எங்கள் பெயர்களை எழுதினான், சிவப்பில்.
மார்க் இடம் காலி.

இன்றைக்குப் புதன்.
போன் அடிக்கிறது, பாய்கிறேன்.
அந்தக் கடன்காரர்.
ஆள் எடுத்தாச்சா சார் என்கிறார்.
இன்னும் சொல்லலை என்கிறேன்.