பதினான்காம் பெட்டி

மார்ச் பிறந்தால் மார்க்கம் வீதிப் பிளாசாவில்
பல் வைத்தியருக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே
எனக்கொரு மேசை.
வீதி உப்பு வெள்ளையாய்க் காய்ந்த சப்பாத்துகளோடு
ஆட்கள் வந்து கடித உறையை நீட்டுவார்கள்.
நான் முகத்தைப் பிறகுதான் பார்ப்பேன்.
முதலில் பெட்டிகள்.

பதினான்கில் சம்பளம். அது எல்லோருக்கும் உண்டு.
பஸ் ஓட்டும் சிவநேசனுக்கு
இருபதிலும் இலக்கம், நாற்பத்துநான்கிலும் இலக்கம்:
ஓய்வூதியம், சங்கச் சந்தா.
"சங்கம் பிடுங்கித் தின்னுது அக்கா"
என்கிறார், கதிரையில் நன்றாகச் சாய்ந்தபடி.

வசந்தரூபி நுனியில்தான் இருப்பாள்.
ஐந்து துண்டுகள்.
ஐந்து ஏஜென்சி, ஒரே பாண் தொழிற்சாலை,
இரவு பதினொன்றுக்கு ஏறும் அதே வான்.
இருபது வெறுமை. நாற்பத்துநான்கும்.
பக்கத்தில் நின்று அதே பாணை அடுக்குகிறவள்
கம்பனியின் நேரடி ஆளாம்;
மணிக்கு ஆறு டொலர் கூட.
"அவ தொட்டால் பாண் கூடப் பொங்குமோ?"
நான் இலக்கங்களைக் கூட்டினேன்.

நிரோஜனுக்குச் சம்பளம் குறைவு.
"ஆனா பங்கு இருக்கு அன்ரி, நாற்பதாயிரம்."
ஒன்று என்ன விலை போகும்?
சிரித்தான்.
பிள்ளை இன்னும் பிறக்கவில்லை,
சாதகம் எழுதியாயிற்று.

கேதாரகௌரி அகதிகளுக்கு வீடு தேடிக் கொடுக்கும் நிறுவனத்தில்
பன்னிரண்டு வருடம்.
இந்த முறை சம்பள உயர்வு கேட்டாளாம்.
கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள்,
பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
அதற்கு எந்தப் பெட்டி என்று
விளையாட்டாகத்தான் கேட்டாள்.
நான் உண்மையாகவே தேடினேன்.

ஏப்ரல் முப்பது. இரவு ஒன்பது மணி.
கடைசிக் கோப்பு ரூபியுடையது.
கையெழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்:
"உங்களுக்கு எத்தனை துண்டு?"

ஒன்று.
சிவநேசனின் கொழுத்த கோப்புக்கும்
அவளுடைய ஐந்து துண்டுக்கும்
முதலாளி எனக்குத் தருவது அதே பதினெட்டு டொலர்.
என் தாளில் பதினான்கே கிடையாது.
நாற்பத்தெட்டு: சேவைக் கட்டணம்.
நான் ஊழியர் இல்லையாம்,
நானே ஒரு தொழிலாம்.
மேசை அவருடையது,
கணினி அவருடையது,
வரும் நேரமும் போகும் நேரமும் அவருடையவை.

சுயதொழில்காரருக்கு
ஜூன் பதினைந்து மட்டும் தவணை இருக்கிறது என்றேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
கட்டவேண்டிய காசை மட்டும்
இன்று இரவே கட்டவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அவள் வானுக்கு நேரமாகிவிட்டது.