இரண்டரைப் பேர்

பாலத்துக்கு இந்தப் பக்கம் தோர்னியோ, ஃபின்லாந்து.
அந்தப் பக்கம் ஹபராந்தா, ஸ்வீடன்.
நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்
மூன்றே முக்காலுக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.
திரும்பி வரும்போது
கொடுத்த ஒரு மணி நேரத்தை ஆறு பிடுங்கிக்கொள்ளும்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.
கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை.

புகார் கழுத்தைப் பற்றி.

குளிர்கிறது என்றேன்.
ஜனவரியில், உறைந்த ஆற்றின்மேல் பனி ஸ்கூட்டர் ஓடும் ஊரில்
குளிர்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?
யாருக்குத்தான் குளிரவில்லை என்றான் எஸ்கோ,
கம்பளியைத் தன் பக்கம் இழுத்தபடி.
களைப்பு என்றேன். இருட்டு என்றார்கள்.
மறதி என்றேன். வயது என்றார்கள்.
எதற்கும் இங்கே ஒரு தயார் பதில் உண்டு.

தோர்னியோவில் ரத்தம் எடுத்தார்கள்.
டி.எஸ்.எச். மூன்று புள்ளி ஒன்பது.
பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம்.
அந்தச் சீட்டில் மேல்வரம்பு மூன்று புள்ளி ஆறு.
எத்தனையோ இரவுகள் வானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறேன்,
எனக்கென்று ஒன்று முளைத்தது அன்றைக்குத்தான்.

நாலாம் நாள், கம்பெனி செலவில் ஹபராந்தாவில் பரிசோதனை.
அதே கை, அதே நரம்பு,
முந்தைய ஊசியின் நீலம்கூட மறையவில்லை.
மூன்று புள்ளி ஒன்பது.
மேல்வரம்பு நான்கு புள்ளி மூன்று.
நட்சத்திரம் இல்லை.

டாக்டர் லிண்ட்மார்க் பொறுமையாகச் சொன்னார்:
ஆரோக்கியமானவர்களாகப் பார்த்து அழைத்து அளப்பார்கள்,
எண்ணை வைத்து வரிசையில் நிறுத்தினால்
நூற்றுக்கு மேலே இரண்டரைப் பேர், கீழே இரண்டரைப் பேர்,
அவர்களை விட்டுவிட்டுக் கோடு கிழிப்பார்கள்.
அங்கே வேறு ஆட்கள், வேறு இயந்திரம்,
அதனால் வேறு கோடு.
நல்ல மனுஷி. பொய் சொல்லவில்லை.

எனக்கு அந்த இரண்டரைப் பேர்மேல்தான் கண்.
நோயில்லை என்றுதானே கூப்பிட்டார்கள் அவர்களை?
ஒரு காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்திருப்பார்கள்,
நன்றி சொல்லியிருப்பார்கள்,
பிறகு கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.
இரண்டு பேரை விடுங்கள்.
அந்த அரை ஆள்?
எந்தப் பாதி அது? குளிர்கிற பாதியா,
கம்பளியை இழுக்கிற பாதியா?

பாலத்தின் நடுவில் நின்று
இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான்.
மைனஸ் இருபத்தெட்டில் பாலத்தில் யாரும் நிற்பதில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு சீட்டையும்
ஃப்ரிட்ஜில் ஒரே காந்தத்தின் கீழ் செருகினேன்.
எஸ்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு
இரண்டையும் இரண்டு முறை படித்தான்.
"அப்படியானால் வேலை நேரத்தில் நீ நலம்" என்றான்.
சிரித்தேன். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது.

அப்புறம் அவன் குளியலறை வடிகாலைச் சுத்தம் செய்யப் போனான்.
தண்ணீர் ஒரு வாரமாக இறங்கவில்லை.
வளைந்த கம்பியில் என் முடி வந்தது,
கொத்தாக, வந்துகொண்டே இருந்தது.
அதை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு கம்பளி
என் பக்கம் ஒரு சாண் கூடுதலாக இருந்தது.