கை வைத்துத் தைப்பது

பெண்டில் ஹில் ஸ்டேஷனுக்கு எதிரே
மீன்கடைக்கு மேல்மாடி.
ஃபிலோமினாவின் கண்ணாடி முன்
பாடி மட்டும் போட்டு நிற்கிறேன்.
தங்கை யதுஷாவின் கல்யாணத்துக்கு
இன்னும் ஒன்பது நாள்.

எண்பது சென்டிமீட்டர்.
சேலையோடு ஒட்டி வரும் ரவிக்கைத் துண்டு அவ்வளவுதான்.
எங்கோ ஒரு தறியில்
பாவு ஓட்டியபோதே முடிவாகிவிட்டது
இதை உடுத்தப்போகிறவள்
எவ்வளவு அகலமாய் இருக்கலாம் என்று.

"கையைத் தூக்கும்."
அளவுநாடா புயத்தைச் சுற்றி வந்து
பாதி வழியில் யோசித்து
பிறகு முனையைத் தொட்டது.
பதினாறே கால்.
நாடாவைக் கழற்றி, உதறி, மறுபடி சுற்றினாள்.
பதினாறே கால்தான்.
நேற்றிரவு நானும் இரண்டு முறை அளந்தேன்.

"துணி காணாது, பிள்ளை.
கை இல்லாமல் தைக்கவோ?"
பல்லிடுக்கில் இரண்டு குண்டூசி.

கை இல்லாமல்.
உடம்பில் இருப்பதற்கும் சட்டையில் இருப்பதற்கும்
ஒரே சொல் வைத்திருக்கிற மொழி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவளுக்கு ஊசி இருந்தது.

அந்தக் கையால் போன சனிக்கிழமை பிளாக்டவுனில்
நூற்று நாலு கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தி
நடுவர் சொல்லும்வரை இறக்காமல் நின்றேன்.
மூன்று விளக்கும் வெள்ளை.
கம்பி அமர்ந்த இடத்தில், கழுத்தெலும்பின் மேல்,
நாவற்பழம் நசுங்கியதுபோல் இன்னும் ஒரு கறை.
அதை மூட அம்மா கன்சீலர் வாங்கிவிட்டாள்,
"ஃபோட்டோவில விழும்."

பாரமட்டா கடைகளில்
என் இடுப்பு பன்னிரண்டு, என் தோள் பதினாறு.
ஒரு உடைக்குள் இரண்டு பேரை அனுப்ப முடியாது.
நடுமுதுகில் ஜிப் நின்றபோது
விற்கிற பெண் கதவுக்கு வெளியே சொன்னாள்:
கவலைப்படாதே, இழுக்க இழுக்கக் கொடுக்கும்.
துணியைத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது.
நாள் குறித்த புதிதில்
மூன்று கிழமை பாரம் தொடாமல் இருந்தேன்.
கால் அங்குலம் போயிற்று.
கூடவே நித்திரையும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருமுறை
பணைத்தோள் என்றொரு சொல் வந்தது.
மூங்கில் மாதிரித் தோள், என்றார் டீச்சர்,
மெல்லிசா, என்று தானாகச் சேர்த்துக்கொண்டு
அடுத்த வரிக்குப் போய்விட்டார்.
பணைத்தல் என்றால் பருத்தல் என்று
பல வருஷம் கழித்து அகராதியில் நானே பார்த்தேன்.
டீச்சர் மூங்கிலையும் பார்த்ததில்லை போல.
எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது ஒன்று.
போன மாரியில் கொங்கிரீட் தரையைக்
கிளப்பிவிட்டது.
கவுன்சிலில் இருந்து கடிதமே வந்தது.

"கை வைச்சே தையுங்கோ," என்றேன்.

ஃபிலோமினா ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தாள்.
சேலையை விரித்தாள், கட்டில் முழுக்க,
கதவு வரைக்கும்.
முந்தானையை விட்டுவிட்டு மறுமுனைக்குப் போனாள்,
இடுப்புக்குள் செருகி ஒருவருக்கும் தெரியாமல் போகும்
அந்தப் பக்கத்துக்கு.
"இதில ஒரு முழம் எடுக்கலாம்.
கொசுவம் ஒண்டு குறையும்."

குறையட்டும்.

வெள்ளைக் கட்டியால் கோடு இழுத்தாள்.
அவள் விரலில் தூள்.
என் நகக்கண்ணில் காலைப் பயிற்சியின் தூள்,
சோப்புப் போட்டும் போகாதது.
கத்தரியைத் திறந்தவள் அப்படியே நின்று
என் புயத்தைப் பார்த்தாள்,
காய்கறிக்காரி பூசணியைப் பார்ப்பதுபோல,
விலை மட்டும் யோசிக்கிற பார்வை.

"இன்னும் வளருமோ?"

"செப்டெம்பரில போட்டி இருக்கு."

"அப்ப உள்ளுக்கு ரெண்டு விரல் விட்டுத் தைக்கிறன்,"
என்று வெட்டத் தொடங்கினாள்.