அரைப் பணிஸ்

நான் யூஜினைவிட ஏழு நிமிடம் மூத்தவள்.
ஏழு வயதில், பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரியில்
அவன் இடது கையைப் படமெடுத்துப் பார்த்து
எலும்புக்கு நாலு வயது என்றார்கள்.
ஏழு நிமிடம் அப்படித்தான்
மூன்று வருடமானது.

அதுவரை என் பழைய சப்பாத்துகள் அவனுக்குப் போயின.
இரட்டையர் என்றால் ஜம்பட்டா வீதியில் எவரும் நம்பார்.
வயிறு மட்டும் பானை, கைகால் ஈர்க்கு.
அம்மா பூச்சிமருந்து கொடுத்தாள்,
செவ்வாய்தோறும் கொச்சிக்கடையில் மெழுகுதிரி கொளுத்தினாள்,
தேறட்டும் என்று தேத்தண்ணீரில் தோய்த்து
இன்னொரு துண்டு பாண் தீத்தினாள்.

கோதுமை என்றார் டொக்டர். வாழ்நாள் முழுக்க.
அப்பா கொப்பியில் எழுதினார்:
பாண், ரொட்டி, ரவை, பிஸ்கட், ரோல்ஸ்.
பெருங்காயத்திலும் கலப்பு என்று தெரிந்த இரவு
கொதித்த ரசத்தைச் சட்டியோடு ஊற்றினார்.
தனி அரிதட்டு, தனித் தாச்சி,
அரிசிமாப் பேணியில் சிவப்பு நகப்பூச்சால் ‘யூ’.

முதலில் சிரிப்பு வந்தது.
அதுவரை அவன் பிறவிச் சிணுங்கி என்றிருந்தோம்.
பிறகு கன்னம். பிறகு வாராவாரம் வெட்டவேண்டிய நகம்.
கடைசியில்தான் உயரம்:
ஒரே வருடத்தில் பதினொரு சென்ரிமீற்றர்.
சுவர் அளவுகோலில் தாதி இருமுறை அளந்தாள்.

பிறகு நின்றது.
இரண்டாம் தவணை முழுக்க ஒன்றுமில்லை.
வரைபடத்தில் கோடு படுத்துக்கொண்டது.
டொக்டர் அம்மாவைப் பார்த்தார்.
அம்மா அப்பாவைப் பார்த்தாள்.
நான் தராசைப் பார்த்தேன்.

இடைவேளையில் கன்ரீன் சுவரோரம்
அவன் கேட்பதில்லை. பார்ப்பான், அவ்வளவுதான்.
சீனி பூசிய பணிஸில் பாதியைப் பிய்த்துக்
கைலேஞ்சிக்குள் வைத்துக் கொடுப்பேன்.
ஒரு நாளல்ல. அறுபது நாள்.

முதல் நன்மைக்கு முந்திய சனிக்கிழமை
முதல் பாவசங்கீர்த்தனம்.
‘தம்பிக்குப் பாண் கொடுத்தேன், ஃபாதர்.’
தட்டிக்கு அப்பால் வெகுநேரம் மின்விசிறிச் சத்தம்.
‘அது பாவமில்லையே, மகள்.’
‘பாவம்தான்.’
நான் விளக்கி முடிப்பதற்குள்
பின்வரிசை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது.
மறுநாள் எல்லோரும் நாக்கை நீட்டினோம், அவனைத் தவிர.
அவனுக்குக் கிண்ணத்திலிருந்து ஒரு மிடறு,
முகத்தைச் சுளித்துக்கொண்டு.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

இப்போது எங்களுக்குப் பதினான்கு.
அவன் எலும்புக்குப் பதின்மூன்றரை.
மாலை ஐந்துக்குச் சூன் பாண் ஓட்டோ
அதே மெட்டை இழுத்துக்கொண்டு சந்துக்குள் வரும்போது
ஓடிப்போய் யன்னலைச் சாத்துவது நான்தான்.
‘திறந்து விடு, வாசம் என்னடி செய்யும்?’
உடைந்த குரலில் அவன்.

மேல்தட்டுப் பேணிக்கு முக்காலி தேடினேன்.
என் தலைக்கு மேலால் கைநீட்டி எடுத்துத் தந்தான்.
போன மாதம் இப்படி இல்லை.
சந்தோஷம்தான்.
கொஞ்சம் கோபமும்.
ஏழு நிமிடத்தை ஞாபகப்படுத்தினேன்.
குனிந்து, ‘என்ன சொன்னாய்?’ என்றான்.