ஒன்பதாவது

மம்சார் கடலோரம், காலை நாலே முக்கால்.
ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டுகிறது காற்று.
ஆறு வருடம் அல் குத்ரா மணலைச்
சைக்கிளில் சுற்றிய நெஞ்சு
இவ்வளவுதானா என்கிறது.
முழங்காலுக்குக் கீழே எலும்பு மட்டும்
நேற்று வேலைக்குச் சேர்ந்தவனைப் போல
எல்லாவற்றுக்கும் விழிக்கிறது.

இத்தனை நாளும் தரையை நான் தொட்டது
சிக்னலில் ஊன்றிய ஒற்றைக் காலால்.
இப்போது அடிக்கு அடி
என் எழுபத்தெட்டு கிலோவையும் எண்ணி வாங்குகிறது தரை,
ஒரு திர்ஹாம் பாக்கி விடாமல்.

ஒரு நிமிடம் ஓட்டம். இரண்டு நிமிடம் நடை.
பிசியோதெரபி ஜெசிந்தா எழுதித் தந்த சீட்டு.
முன்னெலும்பில் கட்டைவிரலை அழுத்தி
"வலிச்சப்புறம் நிறுத்துறது நிறுத்துறதில்ல" என்றாள்.

நடக்கும் இரண்டு நிமிடத்தில்
அபாயா அணிந்த ஒருத்தி
போனில் யாரோடோ சண்டை போட்டபடி
என்னைத் தாண்டிப் போகிறாள்.
பின்னால் பார்த்தால்
அவளுடைய செருப்பு, சாதாரண ரப்பர் செருப்பு.

எட்டு முடிந்தது.
நெஞ்சு ஒன்பதாவது கேட்கிறது.
கொடுக்கவில்லை.

பால்கனியில் தலைகீழாகத் தொங்கும் சைக்கிளின்
பெடலைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
ஷூவைக் கழற்றினேன்.
உள்ளங்கால் கொதிக்கிறது,
ஷார்ஜாதான் என் மேல்
நடந்து போயிருக்கிறது போல.